வெப்ப அயர்ச்சியும் கறவை மாடுகளின் பால் மரபியலும்

உடலில் சேரும் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் கறவை மாடு திணறும் நிலை வெப்ப அயர்ச்சி எனப்படும். அதைத் தாங்கும் திறன் இனத்துக்கு இனம் மட்டுமல்ல, ஒரே இனத்துக்குள் மாட்டுக்கு மாடும் வேறுபடும். அதில் ஒரு பங்கு மரபுவழி வருவது.

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 72-ஐத் தாண்டினால் மேல்நாட்டு இன மாடுகளின் பால் குறையத் தொடங்கும் என்பது நெடுநாளைய அளவுகோல். 35 டிகிரி வெயிலும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் குறியீடு 87 ஆகிவிடும். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே பாறைக்குன்றுகள் நிறைந்த மண்டகப்பட்டு போன்ற ஊர்களில் இது கோடைக்கு வழக்கமான நிலைதான். மாடு மூச்சிரைக்கும், எச்சில் வடிக்கும், தீவனத்தைக் குறைக்கும், சினை பிடிக்கத் தாமதிக்கும். பால் குறைவில் ஏறத்தாழ பாதிக்கே தீவனக் குறைவு காரணம். மீதி உடலுக்குள் நிகழும் வளர்சிதை மாற்றத்தால் வருவது.

சிக்கலின் வேர் இங்கேதான். அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்னும்; தின்றது செரிக்கும்போதும் பாலாகும்போதும் உடலில் வெப்பம் பெருகும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஹோல்ஸ்டீன் பண்ணைப் பதிவேடுகளை ஆராய்ந்த ரவக்னோலோவும் மிஸ்டாலும், பால் அளவுக்கும் வெப்பம் தாங்கும் திறனுக்கும் மரபியல் உறவு எதிர்மறையானது என்று 2000-இல் காட்டினர். பாலை மட்டுமே பார்த்துக் காளையைத் தேர்ந்தால் தலைமுறைதோறும் வெப்பம் தாங்கும் திறன் தேயும். ஆயினும் அந்த உறவு வலுவானதல்ல. இரண்டையும் ஒருசேர முன்னேற்ற வழி உண்டு.

திமிலுள்ள நம் நாட்டு இனங்கள் குட்டை மயிர், தளர்ந்த தோல், நிறைந்த வியர்வைச் சுரப்பிகள் ஆகியவற்றால் வெயிலைத் தாங்குகின்றன. ஆனால் காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர் மாடுகள் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனவை. பாலுக்குப் பெயர்பெற்ற கிர், சாஹிவால், சிவப்பு சிந்தி வடக்கே தோன்றியவை. பிரேசில் நம் கிர் இனத்தைக் கொண்டுபோய், எட்டில் ஐந்து பங்கு ஹோல்ஸ்டீனும் மூன்று பங்கு கிரும் கலந்த ஜிரோலாண்டோவை உருவாக்கியது. கரீபியத் தீவுகளின் செனிபோல் மாடுகளில் மயிரைக் குட்டையாக்கி உடலைக் குளிர்விக்க உதவும் மரபணு மாற்றம், புரோலாக்டின் ஏற்பி மரபணுவில் இருப்பதை 2014-இல் கண்டறிந்தனர். அதை ஹோல்ஸ்டீனுக்குள் கொண்டுவரும் இனப்பெருக்கமும் நடக்கிறது.

தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பையும், நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் கலப்பையும் வகுத்துள்ளது. செஞ்சி வட்டாரத்துக்கு இது பொருத்தமான பிரிவினை. மேல்நாட்டு இரத்தத்தின் பங்கைப் பாதியளவில் நிறுத்துவதே இங்கு நல்லது. சினை ஊசி போடும்போது காளையின் இனத்தையும் கலப்பு விகிதத்தையும் மாடு வளர்ப்போர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.