விமானத் தகடும் மாற்றுலோகமும்

1947ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், எயர் சிலோனின் 'சீதாதேவி' என்னும் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. அவ்விமானத்தின் பெயரை அறிந்தோர் பலர்; அதன் உடலைப் போர்த்த தகட்டின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

தூய அலுமினியம் இலேசானது. ஆயின் வலிமை குன்றியது. 1906இல் ஜெர்மானிய அறிஞர் அல்பிரட் வில்ம், நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு செம்பும் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்த அலுமினியக் கலவையைச் சூடாக்கி, விரைவாகக் குளிர்வித்தார். சில நாள் கழித்துச் சோதித்தபோது அது தானாகவே வன்மை பெற்றிருந்தது. அதுவே துராலுமின் ஆயிற்று. தறையாணிகள் அடிக்குமுன் வன்மையடையாதவாறு அவற்றைக் கடுங்குளிரில் வைத்துப் பேணும் வழக்கமும் இக்குணத்தாலேயே வந்தது.

அதன் வழிவந்த 24எஸ் என்னும் கலப்புலோகமே டகோட்டாவின் தகடாகும். 1954இல் பெயரிடும் முறை மாறியபின் அது 2024 எனப்பட்டது. பழைய வரைபடத்தில் ஒரு பெயரும் புதிய தகட்டில் வேறொரு பெயரும் காணப்படினும் உலோகம் ஒன்றே.

செம்பு வலிமையைத் தந்தது; அரிப்புக்கும் வழிவிட்டது. ஆதலின் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாக இணைத்தனர். உப்புக்காற்று வீசும் இரத்மலானை போன்ற கரையோர நிலையங்களில் இப்போர்வையின் பயன் பெரிது.

கிழிந்த தகட்டுக்கு ஈடான தகடு கிடையாதபோது யாது செய்வது? 2024இன் இழுவலிமை, டி3 என்னும் பதத்தில், சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 65,000 இறாத்தல். 6061இன் வலிமை, டி6 பதத்தில், 45,000 அளவே. அதனை இடுவதாயின் கனத்தைக் கூட்டல் வேண்டும். கூட்டினால் எடை மிகும். ஒட்டும் விறைப்படைந்து, தன் விளிம்பிலுள்ள முதலாணி வரிசையில் பழைய தகட்டை வருத்தும். ஆயின் வலிமை மிக்க 7075ஐ இடலாமெனின், அதுவும் ஏற்புடைத்தன்று. 2024ஐ நோக்க, அதிற் பிளவு தோன்றின் விரைந்து பரவும்.

எனவே, வலிமை ஒன்றே ஈட்டினை வரையறுப்பதன்று. பதம், கனம், போர்வை, பிளவைத் தாங்கும் பண்பு ஆகிய யாவும் ஒத்தல் வேண்டும். ஒவ்வாவிடத்து விமானத்தை ஆக்கியோரின் ஏட்டையே நாடல் வேண்டும். பார்வைக்கு எல்லாத் தகடும் வெண்மையே. வேற்றுமையை அறிந்து தெரிவோனின் நேர்மையை நம்பியே பயணிகள் விமானம் ஏறுகின்றனர்.