நெம்புகோல் துப்பாக்கிகளில் குழல் மறுதுளைப்பு

மறுதுளைப்பு என்பது தேய்ந்தோ துருப்பிடித்தோ போன துப்பாக்கிக் குழலின் துளையை அகலப்படுத்தி, புதிய சுருள்காடிகளை வெட்டி, பெரிய குண்டுக்கு ஏற்றதாக்கும் பட்டறை வேலை. நம் ஊர் மெக்கானிக்குகள் தேய்ந்த என்ஜினுக்கு ‘போர்’ போட்டுப் பெரிய பிஸ்டன் இறக்குவதும் இதே வகைதான். அமெரிக்காவின் வின்செஸ்டர், மார்லின் நிறுவனங்களின் நெம்புகோல் துப்பாக்கிகளுக்கு இவ்வேலை பல தலைமுறைகளாக நடந்துவருகிறது.

இந்தத் தேவையை முதலில் உண்டாக்கியது உப்பு. பழங்காலத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரித்தது. கருமருந்துத் தோட்டாக்களைச் சுட்டவர்கள் கரியைப் போக்கத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கூடவே உப்பும் கரைந்துபோயிற்று. 1890களில் புகையில்லா மருந்து பரவியபோது கரி குறைந்தது, கழுவும் பழக்கமும் குறைந்தது. எண்ணெயில் உப்பு கரையாது. அதனால் எண்ணெய் தடவிப் பொத்திப் பாதுகாத்தவர்களின் குழல்களும் உள்ளே குழிகுழியாக அரித்துப்போயின. வேதனையான விஷயம் இது. அரிக்காத பற்றவைப்பு மருந்து 1920களின் பிற்பகுதியில்தான் பரவலாக விற்பனைக்கு வந்தது.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 துப்பாக்கி முதலில் .32-40, .38-55 தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்டது. மறு ஆண்டு நிக்கல் எஃகுக் குழலுடன் .30-30 வந்தது. அதன் தோட்டாக் கூடு, .38-55 கூட்டின் வாயைச் சுருக்கிச் செய்தது. அடி விளிம்பு ஒன்றே. ஆகவே கெட்டுப்போன .30-30 குழலை .38-55 ஆக்கும்போது பூட்டையோ கூட்டைப் பிடித்திழுக்கும் கொக்கியையோ மாற்ற வேண்டியதில்லை. இந்த உறவுமுறை இல்லாவிட்டால் மறுதுளைப்பு இவ்வளவு தூரம் நிலைத்திருக்காது.

எவ்வளவு அகலப்படுத்துவது என்பதில்தான் கைத்திறன். பழைய காடிகளின் அடி வரைக்கும் உலோகம் நீங்க வேண்டும். .30-30 குழலில் அந்த விட்டம் .308 அங்குலம்; .32 ஸ்பெஷல் தோட்டாவுக்கான துளையோ அதைவிடச் சற்றே பெரிது. ஆழமாக அரித்த குழிகள் அதில் தப்பிவிடும். .38-55 அளவுக்குப் போனால் குழல் சுத்தமாகிறது, ஆனால் சுவர் மெலிகிறது. குறிக்காட்டி பொருத்த வெட்டிய பள்ளத்தின் அடியில் எவ்வளவு எஃகு மிஞ்சும் என்று முதலிலேயே அளப்பது அதனால்தான். காடியின் முறுக்கும் மாறும்: .30-30க்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .38-55க்கு 18 அங்குலத்துக்கு ஒன்று.

தோட்டா கிடைக்காமல் போனதும் பல துப்பாக்கிகளைப் பட்டறைக்கு அனுப்பியது. 1902இல் வின்செஸ்டர் 1886 துப்பாக்கிக்காக வந்த .33 தோட்டா, .45-70 கூட்டைச் சுருக்கிச் செய்தது. அதன் உற்பத்தி நின்றபின் அந்தக் குழல்களை .45-70க்கே துளைத்தார்கள்; 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற அந்தத் தோட்டா தன் வாரிசைவிட நெடுநாள் வாழ்ந்தது. பெரிய தோட்டா வேண்டியும் துளைத்தவர்கள் உண்டு. அலாஸ்காவின் கூப்பர் லேண்டிங்கில் ஹரால்ட் ஜான்சன், பழுப்புக் கரடிகள் திரியும் நாட்டுக்கு ஏற்றதாக, .348 தோட்டாக் கூட்டின் வாயை .45 குண்டுக்கு விரித்து .450 அலாஸ்கன் தோட்டாவை உருவாக்கினார். வின்செஸ்டர் 71 குழல்கள் அதற்காகவும் துளைக்கப்பட்டன.

துளை பெரிதானால் துப்பாக்கியின் வலிமையும் கூடும் என்று எண்ணுவது ஆபத்து. 1978இல் வந்த .375 வின்செஸ்டர் தோட்டா, .38-55 போன்றே தோன்றும். அழுத்தமோ மிக அதிகம். அதற்கென்றே வின்செஸ்டர் தன் 1894 துப்பாக்கியின் உடற்பகுதியைத் தடிமனாக்கியது. பழைய துப்பாக்கி அதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது.

மறுதுளைத்த துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர் சந்தையில் மதிப்பு குறையும். ஆனாலும் வெளியே குழலின் வடிவமும் தொழிற்சாலை முத்திரையும் அப்படியே இருக்கும். பழைய அளவைக் குறித்த எழுத்தும் அங்கேயே நிற்பதால், பொறுப்புள்ள பட்டறைகள் புதிய அளவைக் குழலிலேயே பொறித்துத் தருகின்றன.