உப்பிலியபுரம் டு காரைக்குடி: நூறு வயசு பங்களாக்களில் தங்கிப் போற ஒரு கார் ட்ரிப்!

உப்பிலியபுரம், துறையூர் ஏரியாவில் கார் சாவி கையில் கிடைச்சா வண்டி தானா திரும்புற இடம் புளியஞ்சோலை. கொஞ்சம் கூடுதலா டைம் இருந்தா கொல்லிமலை, பச்சைமலை. அதே காரை அப்படியே தெற்கே திருப்பினா, சுமார் 150 கி.மீ. தொலைவில் காரைக்குடி. வழியில் பல்லவர் காலம் தொட்டு வந்த குடைவரைகள், ஒரு கோட்டை, கூடவே ராத்திரி தங்குறதுக்கு நூறு வருஷப் பழைய செட்டிநாட்டு வீடுகள்!

இரண்டு ராத்திரி, மூணு பகல் இருந்தா இந்த ட்ரிப்பை நிதானமா முடிக்கலாம். எப்படிப் போறது, எங்கே தங்குறது, என்ன கவனிக்கணும்? இதோ ஒரு முழு கைடு.

ரூட் என்ன?

உப்பிலியபுரம் - துறையூர் - மண்ணச்சநல்லூர் - திருச்சி - கீரனூர் - புதுக்கோட்டை - திருமயம் - கானாடுகாத்தான் - காரைக்குடி. திருச்சி வரை சுமார் 60 கி.மீ., அங்கிருந்து காரைக்குடிக்கு 90 கி.மீ. காலையில் 6 மணிக்குக் கிளம்பிட்டா திருச்சி டிராஃபிக்கில் மாட்டாமல் தாண்டிடலாம்.

முதல் நாள்: சித்தன்னவாசல், திருமயம்

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற சித்தன்னவாசலை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பார்த்திடுங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமையான சமணர் குகை ஓவியங்கள் இங்கே இருக்கு. தாமரைக் குளமும் பூப்பறிக்கிற மனிதர்களும் உள்ள கூரையைப் பார்க்க, கழுத்தை நல்லா அண்ணாந்து நிற்கணும். மலையின் இன்னொரு பக்கம் ஏழடிப்பட்டம். சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகளும், தமிழ் பிராமிக் கல்வெட்டும் அங்கே இருக்கு. பாறை சீக்கிரம் சூடாகிடும், அதனால மதியம் வேண்டாம்.

அடுத்த ஸ்டாப் திருமயம். 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை இது. குன்றின் உச்சியில் பீரங்கி இன்னும் நிற்குது. கீழே, ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து குடைவரைக் கோயில்கள். மதியம் கோயில் நடை சாத்திடுவாங்க, அதுக்கேத்த மாதிரி பிளான் பண்ணுங்க.

முதல் ராத்திரி எங்கே?

திருமயத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கடியாபட்டி. அங்கே இருக்கிற சிதம்பர விலாஸ், நூறு ஆண்டு தாண்டிய நகரத்தார் வீடு. இப்போ ஹெரிடேஜ் ஹோட்டல்.

காரைக்குடிப் பக்கம் இன்னும் கொஞ்சம் போனா கானாடுகாத்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை இருக்கிற ஊர். இங்கே இருக்கிற விசாலம், ஒரு அப்பா தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. ஆண் வாரிசுகளுக்கே வீடு போய்ச் சேரும் ஊரில், மகளுக்காக எழும்பிய மாளிகை என்பதே இதன் தனி அடையாளம். இதே ஊரில் செட்டிநாடு மேன்ஷனும் இருக்கு. பக்கத்துக் கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ். அதைச் சீரமைச்சது இரண்டு பிரெஞ்சு கட்டடக் கலைஞர்கள்.

வீட்டை எப்படிப் பார்க்கணும்?

ரூமில் ஏசி போட்டுப் படுத்துட்டா பாதி ட்ரிப் வீண். வாசலில் நின்னு உள்ளே பாருங்க. பெரும்பாலான வீடுகளில் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் கண்ணு போகும். முதலில் ஆண்கள் உட்கார்ந்து கணக்கு வழக்கு பார்த்த முகப்பு. அடுத்து வளவு, அதாவது வானம் திறந்த முற்றம். அதைச் சுத்தி இருக்கிற சின்ன அறைகள்தான் உள்வீடு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு. கடைசியில் பெண்களின் ஆட்சிப் பகுதியான சமையல்கட்டு.

தூண்களைத் தொட்டுப் பார்த்தா பர்மா தேக்கு. தரையில் இத்தாலி மார்பிள், சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. சுவரில் கன்னத்தை வெச்சா ஜில்லுன்னு இருக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பல தடவை இழைச்ச செட்டிநாட்டுப் பூச்சு அது. இவ்வளவும் பர்மா, இலங்கை, மலேயாவில் வட்டித் தொழில் செஞ்சு சம்பாதிச்ச பணம்.

இரண்டாம் நாள்: ஆத்தங்குடி, காரைக்குடி

காலையில் ஆத்தங்குடி போய், டைல்ஸ் செய்யறதை நேரில் பாருங்க. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வெச்சு, அதுக்குள்ள கலர் சிமென்ட் கலவையை ஊத்துவாங்க. அச்சை எடுத்துட்டு மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி, காய விட்டு, தண்ணியில் ஊறப்போடுவாங்க. கண்ணாடியிலிருந்து கழட்டும்போதே பளபளப்பு வந்துடும். சூளை கிடையாது, பாலிஷ் மெஷினும் கிடையாது. நடக்க நடக்கத்தான் இன்னும் மினுங்கும்.

இரண்டாம் ராத்திரிக்குக் காரைக்குடியில் 'தி பங்களா'. 1999-ல் ஹோட்டலா திறந்தாங்க. இந்தப் பக்கத்து ஹெரிடேஜ் ஹோட்டல்களுக்கு முன்னோடி இதுதான். வாழை இலைச் சாப்பாட்டுக்கே தனிப் பெயர். தங்காதவங்க சாப்பிட வர்றதா இருந்தா முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிடுங்க. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், கவுனி அரிசி இனிப்பு, இவற்றில் எது கிடைச்சாலும் விடாதீங்க.

மூணாம் நாள்: கண்ணில் படும் இன்னொரு பக்கம்

ஊர் திரும்புறதுக்கு முன்னாடி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிற பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை போங்க. தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, எனாமல் டிபன் கேரியர், பழைய போட்டோக்கள் எல்லாம் குவிஞ்சு கிடக்கும். பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா ஒரு நிலைக்கதவு கடைக்கு வருதுன்னா, எங்கேயோ ஒரு வீடு இறங்கியிருக்குன்னு அர்த்தம்.

ஏன் இறங்குது? 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் நகரத்தாரின் வெளிநாட்டுத் தொழிலை முறிச்சுப் போட்டது. அடுத்த தலைமுறைகள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கான்னு போயிட்டாங்க. ஒரு வீட்டுக்கு இன்னிக்குப் பல பங்காளிகள். ஓடு மாத்தணும்னாகூட எல்லாரும் பணம் போடணும். விக்கணும்னா எல்லாரும் கையெழுத்துப் போடணும். யாரும் இல்லாத வீட்டில் ஓடு உடைஞ்சா மழைத்தண்ணி இறங்கும். தேக்கும் அதுக்கு மேல் தாங்காது.

செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிடுச்சு. ஆனா அந்தப் பட்டியல் ஓடு மாத்தாது. ஹோட்டலா மாறின வீடுகளில் தினமும் கூட்டிப் பெருக்க ஆள் இருக்கு, விரிசலைப் பூச கொத்தனார் வர்றார். அந்தச் செலவு, தங்க வர்றவங்க கொடுக்கிற வாடகையிலிருந்துதான் வருது.

கிளம்பும் முன் செக் லிஸ்ட்

* வாடகை கார்: செல்ஃப் டிரைவ் வண்டின்னா கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்தா, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும்.
* டாக்குமென்ட்: லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தா போதும். ஃபாஸ்டேக்கில் பேலன்ஸ் பாருங்க.
* சீசன்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெஸ்ட். ஆனா வாடகையும் அப்போதான் அதிகம். பட்ஜெட் இடிச்சா, வார நாளில் ஒரே ஒரு ராத்திரி மட்டும் புக் பண்ணுங்க.
* பெரியவங்க கூட வந்தா: பழைய வீடுகளில் படி செங்குத்தா இருக்கும், வாசப்படி உயரமா இருக்கும். தரைத்தளத்து ரூம் இருக்கான்னு முதலிலேயே கேளுங்க.
* மரியாதை: பூட்டியிருக்கிற வீடுகளுக்கும் சொந்தக்காரங்க இருக்காங்க. திண்ணை ஏறி ரீல்ஸ் எடுக்கும் முன் காவலாளிகிட்ட அனுமதி கேளுங்க. சாமி அறைக்குள்ள கேமரா வேண்டாம்.
* ராத்திரி டிரைவிங்: உள் ரோடுகளில் லைட் இல்லை, மாடு குறுக்கே வரும். இருட்டுறதுக்குள்ள ரூமுக்குப் போயிடுங்க.

திருச்சியில் நல்ல ஹோட்டல் ரூமுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா அந்த ரூமில் நீங்க தங்கலைன்னா அந்தக் கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது. வளவு வீட்டின் கதை அப்படியில்லை. அடுத்த லாங் வீக் எண்டுக்கு ரூம் தேடும்போது இதையும் கணக்கில் வெச்சுக்கோங்க!