யாருடைய சோதனை, யாருடைய பிழை

இரும்புக் கலப்பை தமிழ்நாட்டு வயலுக்கு வந்த கதையை நம் விவசாய வரலாறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்கின்றன. நல்ல கருவி வந்தது. குடியானவன் பழமைவாதி, தொட மறுத்தான். பிறகு மெல்லத் திருந்தினான். இந்தச் சொல்லாடலில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. புதுக் கருவியைப் பிடித்துக் கோணல்மாணலாக ஓட்டி, மறுபடி ஓட்டிப் பழகிய கை யாருடையது?

சைதாப்பேட்டையில் தொடங்கலாம். 1860களில் சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைப்புக் கருவி, கதிரடிக்கும் இயந்திரம் எல்லாம் தருவித்தார். அவற்றை ஓட்டிப் பார்க்க அங்கே சர்க்கார் பண்ணை ஒன்று அமைந்தது. நீராவிக் கலப்பை இந்த மண்ணில் எடுபடவில்லை. அதற்காக யாரும் டெனிசனை மூடன் என்று எழுதிவைக்கவில்லை. சர்க்கார் காசில் நடந்தால் அதன் பெயர் ‘பரிசோதனை’. அதையே ஒரு சிறு குடியானவன் தன் புஞ்சையில் செய்து வெள்ளாமை போனால் ‘அறியாமை’. பண்ணைக்கு நட்டக் கணக்கு எழுத ஏடு இருந்தது. இவன் வயிற்றில்தான் எழுத வேண்டும்.

சரி, அப்படி என்னதான் பழக வேண்டியிருந்தது? நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது. ஒரு கையில் மேழி, மறு கையில் தார்க்குச்சி. ஆழம் போதாவிட்டால் ஏர்க்காலை நுகத்தடியில் முன்னே பின்னே தள்ளிக் கட்டினால் ஆயிற்று. இரும்புக் கலப்பை மண்ணை வெட்டி ஒரே பக்கமாகப் புரட்டிப் போடும். ஆக, எங்கே ஏர் பூட்டுவது, எப்படிச் சுற்றி வருவது என்கிற உழவு வழக்கமே மாறியாக வேண்டும். நோஞ்சான் மாடு அதை இழுக்காது. துண்டு துண்டாகக் கிடக்கிற வயலுக்குத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கவும் முடியாது. வார்ப்பிரும்புக் கொழு உடைந்தால் ஊர்க் கொல்லர் உலையில் ஒட்டாது; களத்தில் நெல் அளந்து தச்சரையும் கொல்லரையும் வைத்திருந்த ஏற்பாடு முழுவதும் நாட்டுக் கலப்பைக்கானது. மறுப்பு என்று எழுதப்பட்டதில் பாதி இப்படிப்பட்ட கணக்குதான்.

1889 கடைசியில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கருக்கு இது புரிந்திருந்தது. 1893இல் வெளியான அவருடைய அறிக்கை இந்தியக் குடியானவனை இங்கிலாந்து விவசாயிக்குச் சமமாக வைத்தது. நம் இயற்கை விவசாய நண்பர்கள் இதை மேற்கோள் காட்டிப் பூரித்துப் போகிறார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. குடியானவன் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் நிலத்துக்காரனும் ஏர் பிடித்தவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். தஞ்சைப் பகுதியில் மிராசுதார் மேழியைத் தொட்டவரா என்ன? பிடித்தவர்கள் பெரும்பாலும் பள்ளர், பறையர் பண்ணையாட்கள். சால் நேராக விழுந்தால் பேர் பண்ணைக்கு. கோணிப்போனால் ஏச்சும் அடியும் ஆளுக்கு. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த மண்ணில் ‘தப்பு பண்ணித்தான் கத்துக்கணும்’ என்று யார் யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2003-04இல் வேளாண் பல்கலைக்கழகம் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் ஒற்றை நாற்று நடவைச் சோதித்தது. அதோடு வந்தது கோனோ களைக்கருவி. சதுரமாக நட்ட வரிசைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் தள்ள வேண்டும். வயலில் தண்ணீர் கொஞ்சமாக நிற்க வேண்டும். சேறு இறுகிவிட்டால் உருளை சுற்றாது. குனிந்து கையால் களை பறித்துவந்த பெண்களுக்கு அது கனம். “தள்ள முடியலங்க” என்றார்கள். பல ஊர்களில் கருவி ஆண்கள் கைக்குப் போனது, களைக்கூலியும் கூடவே போனது. பிறகு கனம் குறைத்த வடிவங்கள் வந்தன. அவற்றுக்கு முதல் வரைபடம் போட்டது அந்தப் பெண்களின் தோள்வலி என்பேன். அந்த வலிக்கு அன்றைக்குக் கூலிப் பிடித்தம் இருந்ததா, இல்லையா என்பதிலிருந்து ஒரு கருவியின் வரலாற்றை எழுதிப் பார்க்கலாம்.