கட்டுமானப் பணியாளரின் உடலுழைப்பை அளவிடுதல்

ஒருவருக்கு அன்றைய வேலை எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அவர் தூக்கிய சுமையைக் கொண்டு மட்டும் கூற இயலாது. ஒரே அளவு சாந்துச் சட்டியைச் சுமக்கும்போது, நல்ல உடல்நலமுள்ள இளைஞரின் இதயத்தைவிட இரத்தசோகையுள்ள சித்தாளின் இதயம் மிகுதியாக உழைக்கிறது. ஆகவே சுமையுடன், அதற்கு உடல் எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதையும் அளவிட வேண்டும். இதற்கு நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்று போதும்.

காலையில் படுக்கையைவிட்டு எழும் முன், மணிக்கட்டில் கட்டைவிரலின் பக்கமாக இரு விரல்களை வைத்து 30 நொடிகள் நாடித்துடிப்பை எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். இது ஓய்வுநிலைத் துடிப்பு. 220 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஓய்வுநிலைத் துடிப்புடன் கூட்டுங்கள். எட்டு மணி நேர வேலையின் சராசரித் துடிப்பு அந்த எண்ணைத் தாண்டாதிருப்பது நல்லது. எடுத்துக்காட்டாக, 40 வயதுடையவரின் உச்சத் துடிப்பு 180. ஓய்வுநிலையில் 70 எனில் வேறுபாடு 110. எனவே அவருக்குரிய சராசரி வரம்பு சுமார் 107. மாடிப்படியில் செங்கல் ஏற்றும்போது துடிப்பு இதனினும் உயரலாம். நாள் முழுவதும் அவ்வாறே நீடிப்பதுதான் தீங்கானது.

வேலையை நிறுத்தி அமர்ந்தபின் துடிப்பு எவ்வளவு விரைவில் தணிகிறது என்பது இன்னும் பயனுள்ள அளவீடு. முதல் நிமிடத்தின் பிற்பாதியிலும், மூன்றாம் நிமிடத்தின் பிற்பாதியிலும் எண்ணுங்கள். முதல் அளவு 110க்கு மேற்படாமலும், இரண்டாவது அதைவிட 10 துடிப்பேனும் குறைந்தும் இருந்தால் உடல் மீள்கிறது எனக் கொள்ளலாம். மூன்றாம் நிமிடத்திலும் 90க்கு மேல் நின்று, சிறிதும் இறங்காவிடில் ஓய்வு போதவில்லை. கடும் வெயிலில் அதே வேலைக்கே துடிப்பு உயரும். அதனை "வெயிலால்தான்" என ஒதுக்க வேண்டாம். இதயத்திற்கு அதுவும் உண்மையான சுமையே.

மாரடைப்பு அல்லது உயர் இரத்த அழுத்தத்திற்காக மெட்டோப்ரொலால், அட்டெனொலால் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு மேற்கண்ட கணக்குகள் பொருந்தா. இம்மருந்துகள் துடிப்பைக் குறைத்துக் காட்டுவதால், உழைப்பு மிகுந்திருந்தாலும் எண் குறைவாகவே தோன்றும். சீரற்ற இதயத்துடிப்பு உடையோருக்கும் இவை உதவா. இத்தகையோருக்குப் போர்க் அளவுகோல் ஏற்றது. அதில் 6 என்பது எவ்வித முயற்சியும் இல்லாத நிலை, 13 சற்றுக் கடினம், 15 கடினம், 20 உச்ச முயற்சி. எந்த எண் வரை வேலை செய்யலாம் என்பதை மருத்துவரே கூற வேண்டும். பராமரிப்பாளர் கவனத்திற்கு: கூலி போய்விடும் என்ற அச்சத்தில் பலர் எண்ணைக் குறைத்துச் சொல்வர். தொடர்ச்சியாகப் பேச மூச்சு இடங்கொடுக்கிறதா என்பதையும் பாருங்கள்.

துடிப்பு முதுகுத்தண்டின் சுமையைக் காட்டாது. அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ், மிகச் சாதகமான சூழலிலும் ஒருவர் தூக்கும் எடைக்கு 23 கிலோவை உச்சவரம்பாகப் பரிந்துரைக்கிறது. நமது சிமென்ட் மூட்டை 50 கிலோ. முதுகுவலி உள்ளவர், துடிப்பு இயல்பாக இருப்பினும், அதனைத் தனியே தூக்கலாகாது.

நெஞ்சு இறுக்கம், மயக்கம், குழப்பமான பேச்சு, ஓய்விலும் தணியாத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் எண்ணிக்கொண்டிராமல் வேலையை நிறுத்தி 108ஐ அழையுங்கள். மற்ற நாள்களில் எடுத்த அளவுகளைத் தேதி, நேரம், செய்த வேலை ஆகியவற்றுடன் குறித்துவைத்து, அடுத்த மருத்துவப் பரிசோதனையின்போது காட்டுங்கள்.