கடலே இல்லாத ஊரில் சுஷி: டென்வர் நகரின் கதை

நல்ல மீன் சாப்பிட வேண்டுமென்றால் கடற்கரை ஊருக்குப் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அப்படியிருக்க, பச்சை மீனை வெட்டி சாதத்தின் மேல் வைத்துத் தரும் சுஷியை அமெரிக்காவின் டென்வர் நகரில் போய் யாராவது தேடுவார்களா? கடல் மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரத்தில், ராக்கி மலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் அது. எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

ஆனால் அங்கே நல்ல ஜப்பானிய உணவகங்கள் இருக்கின்றன. காரணம் மீன் அல்ல, மனிதர்கள். அவர்களில் பலர் விரும்பி வந்தவர்களும் அல்ல!

முதலில் வந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். 1900களின் தொடக்கத்தில் ரயில் பாதை போடவும், நிலக்கரி வெட்டவும், சர்க்கரைக் கிழங்கு வயல்களில் வேலை செய்யவும் ஜப்பானியர்கள் கொலராடோ மாநிலத்துக்கு வந்தார்கள். 1916ல் டென்வரில் ஒரு புத்தர் கோயில் உருவானது. இருந்தாலும் அது மிகச் சிறிய சமூகம்தான்.

நிலைமையை மாற்றியது போர். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீட்டையும் கடையையும் விட்டுவிட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். எந்தக் குற்றமும் அவர்கள் மேல் நிரூபிக்கப்படவில்லை.

"எங்கள் மாநிலத்துக்கு வேண்டாம்" என்று மற்ற மேற்கு மாநில ஆளுநர்கள் சொன்னபோது, கொலராடோ ஆளுநர் ரால்ஃப் கார் மட்டும் எதிர்த்துப் பேசினார். குடிமக்களை விசாரணையே இல்லாமல் அடைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார், வருகிறவர்களை மரியாதையாக நடத்துங்கள் என்றும் மக்களைக் கேட்டுக்கொண்டார். அதே வருடம் நடந்த செனட் தேர்தலில் சில ஆயிரம் வாக்குகளில் தோற்றார். அந்தத் தோல்விக்கு இந்த நிலைப்பாடும் ஒரு காரணம் என்பார்கள்.

அவர் எதிர்த்தும் கொலராடோவில் ஒரு முகாம் வந்தது. அதன் பெயர் அமாச்சி. 1942 ஆகஸ்ட் முதல் 1945 அக்டோபர் வரை இயங்கிய அந்த முகாமில் ஒரு கட்டத்தில் 7,300 பேருக்கு மேல் இருந்தார்கள். வீடுகளில் சமையலறை கிடையாது, பெரிய பொதுக்கூடத்தில் வரிசையில் நின்று தட்டை நீட்ட வேண்டும். பிள்ளைகள் நண்பர்களோடு ஒரு மேசையிலும் பெற்றோர் வேறு மேசையிலுமாகச் சாப்பிட்டார்கள். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமே போனது என்று பிற்காலத்தில் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

1943 முதல் பலருக்கு முகாமை விட்டு வெளியேற அனுமதி கிடைத்தது. ஆனால் மேற்குக் கரைக்குத் திரும்ப 1945 ஜனவரி வரை தடை. வேறு எங்கே போவது? சிகாகோவுக்குப் போனார்கள், டென்வருக்கு வந்தார்கள். டென்வரில் அவர்கள் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. லாரிமர் தெரு, 20ஆம் தெரு பக்கம் மளிகைக் கடைகளும் உணவகங்களும் முளைத்தன. 1946ல் ஒரு ஜப்பானிய அமெரிக்கக் குடும்பம் அங்கே தொடங்கிய சின்ன உணவகம், அமெரிக்கக் காலை உணவையும் நூடுல்ஸையும் ஒரே கடையில் பரிமாறி 2020 வரை நடந்தது.

போர் முடிந்ததும் நிறைய பேர் கலிபோர்னியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். 1960களின் பிற்பகுதியில் நகர சீரமைப்பு என்று சொல்லி பழைய கட்டடங்களை இடிக்கத் தொடங்கினார்கள். அப்போது புத்தர் கோயிலைச் சேர்ந்தவர்கள் தங்கள் பகுதியைக் கைவிடாமல் தாங்களே கட்டியதுதான் சகுரா சதுக்கம். 1973ல் திறக்கப்பட்ட அங்கே கோயில், குடியிருப்பு, ஜப்பானிய மளிகைக் கடை எல்லாம் ஒரே இடத்தில் அமைந்தன.

சரி, மனிதர்கள் வந்தாயிற்று. மீன் எப்படி வந்தது?

1970களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து கேமராவும் மின்னணுப் பொருட்களும் ஏற்றிக்கொண்டு வட அமெரிக்கா வந்த விமானங்கள் சரக்கில்லாமல் திரும்பின. காலியாகப் போகும் விமானத்துக்கும் எரிபொருள் செலவு உண்டு. அந்த இடத்தை நிரப்ப ஜப்பான் ஏர்லைன்ஸ் தேடிக் கண்டுபிடித்த சரக்கு, கனடாவின் கிழக்குக் கரையில் அப்போது யாரும் பெரிதாக மதிக்காத சூரை மீன். 1972 ஆகஸ்டில் அது டோக்கியோவின் சுகிஜி சந்தையில் ஏலம் போனது. அன்றிலிருந்து உயர்ந்த ரக மீன் விமானத்தில் போகும் சரக்கானது. மீன் விமானத்தில் வரும் என்றால் துறைமுகமும் மலை நகரமும் ஒன்றுதானே!

இன்னொரு விஷயம். ஒட்டுண்ணி அபாயம் உள்ள மீனைப் பச்சையாகப் பரிமாறுவதற்கு முன், மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்களோ மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரமோ உறைய வைக்க வேண்டும் என்று அமெரிக்க விதிமுறை சொல்கிறது. சூரை போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே கடலோர நகரத்து சுஷியிலும் பெரும்பகுதி உறைய வைத்த மீன்தான்.

இதைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் கிசாகி சகோதரர்கள். தோஷி, யாசு என்ற இருவர் 1984ல் டென்வரின் சவுத் பேர்ல் தெருவில் 'சுஷி டென்' உணவகத்தைத் தொடங்கினார்கள். மூன்றாவது சகோதரர் கோய்ச்சி ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் இருந்துகொண்டு, நாகஹாமா சந்தையில் மீனைத் தேர்ந்தெடுத்து விமானத்தில் அனுப்பினார். மீனைக் கண்ணால் பார்த்து வாங்குவது அண்ணன் தம்பி என்றால் இடைத்தரகரை நம்ப வேண்டியதில்லை. கடல் தூரத்தில் இருப்பது அந்தக் கடைக்கு ஒரு குறையாகவே இல்லை.

எனவே கடல் இல்லாத ஊரில் நல்ல ஜப்பானிய உணவகம் தேடுபவர் வரைபடத்தில் கடலைத் தேட வேண்டாம். அந்த ஊருக்கு ஜப்பானியர்கள் எப்போது வந்தார்கள், ஏன் வந்தார்கள், அரிசியும் மிசோவும் எந்தக் கடையில் வாங்குகிறார்கள் என்று விசாரித்தால் போதும். வழி தெரிந்துவிடும்.

சகுரா சதுக்கத்தில் ரால்ஃப் காருக்கு மார்பளவு சிலை வைத்தார்கள். அமாச்சி முகாம் இருந்த இடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022ல்தான் வந்தது. டென்வரில் ஒரு தட்டு சுஷியை ரசித்துச் சாப்பிடுபவர், இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு சாப்பிடுவது நல்லது. தட்டை நீட்டி வரிசையில் நின்றவர்கள் பிறகு ஊருக்கே பரிமாறிய கதை அது.