தீவகத்துக் கள்ளுத் தவறணையும் ஊர்ச் சமூகமும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நயினாதீவின் கோயிலைப் பற்றியும், நெடுந்தீவின் கோட்டையையும் குதிரைகளையும் பற்றியும், ஊர்காவற்றுறையின் துறைமுகத்தைப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். பகற்பொழுதின் வரலாறு அவ்வாறு ஓரளவு பதிவாகிவிட்டது. பொழுது சாய்ந்தபின் ஊரின் ஆண்கள் எங்கே கூடினர், எதைப் பேசினர், யார் யாரோடு அமர்ந்தனர் என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. அவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் கள்ளுத் தவறணையின் வாயிலைத் தவிர்த்துச் செல்ல இயலாது. கற்றோர் அதனை ஒழுக்கக் கேட்டின் இருப்பிடமாக மட்டுமே கண்டமையால், அது ஒரு சமூக நிறுவனம் என்ற வகையில் ஆராயப்படாது போயிற்று.

‘தவறணை’ என்ற சொல் போத்துக்கேயரின் ‘தவேர்ணா’ என்பதன் வழியாக ஈழத்துத் தமிழிற் புகுந்தது. தமிழகத்தில் கள்ளுக்கடை என்பர். சொல் புதிதாயினும் பொருள் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தின் பரதவர் முழுமதி நாளிற் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டுப் பனங்கள் அருந்தி மகிழ்ந்ததைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அந்நகரிற் கள் விற்கும் மனையின் முன்னே கொடி பறந்ததையும் அதே நூல் காட்டுகின்றது. பின்வந்த அறநூல்கள் கள்ளைக் கடிந்தன. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. சான்றோர் விலக்கியதும் பரதவர் விரும்பியதும் ஒரே மரபினுள் அருகருகே நின்றன என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

தவறணை ஊருக்கு ஊர் அமைந்தமைக்கு முதற் காரணம் கள்ளின் இயல்பிலேயே உள்ளது. பனம்பாளையிலிருந்து வடியும் சாறு முட்டியில் விழும்போதே புளிக்கத் தொடங்குகின்றது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் அது புளியாது கருப்பநீராக நின்றுவிடும், பூசாதுவிடின் கள்ளாகும். காலையில் இறக்கியது இனிக்கும், மாலையில் உறைக்கும், மறுநாள் புளித்துக் காடியாகும் வழியில் நிற்கும். சாராயத்தைப் பீப்பாயில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பலாம். பதப்படுத்திப் போத்தலில் அடைக்கும் முறை வருவதற்கு முன் கள்ளை அவ்வாறு அனுப்ப வழியில்லை. அது இறக்கிய ஊரிலேயே, இறக்கிய நாளிலேயே குடித்துத் தீரவேண்டிய பொருள். தோணியும் வத்தையும் காற்றை நம்பி ஓடிய காலத்தில், நெடுந்தீவின் கள்ளு நெடுந்தீவுக்கும் அனலைதீவின் கள்ளு அனலைதீவுக்குமே உரியதாயிருந்தது. ஆகவே தவறணைக்கு வருவோர் அயலவராகவே இருந்தனர். துறைமுகப் பட்டினங்களின் சாராயக் கடை அந்நியரைக் கூட்டியது. கள்ளுத் தவறணையோ ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்களைக் கூட்டியது. இவ்வேறுபாடு சிறிதன்று.

பனங்கள்ளின் பருவம் தை, மாசியிற் தொடங்கி ஆடி, ஆவணி வரை நீடிப்பது. அதன்பின் தென்னங்கள்ளே வழங்கும். தென்னை குறைந்த தீவுகளில் மாரிகாலத் தவறணை களையிழந்தே காணப்படும். சமயக் காலக்கணக்கும் இப்பருவத்தோடு குறுக்கிட்டது. கத்தோலிக்கரின் தவக்காலம் கள்ளுப் பருவத்தின் தொடக்கத்தில் வருவது. நயினை நாகபூஷணி அம்மனின் ஆனித் திருவிழாவோ அப்பருவத்தின் நடுவில் வருவது. நோன்பும் விரதமும் காப்போர் அந்நாட்களில் தவறணைப் பக்கம் செல்வதில்லை. பண்டிகை முடிந்த மாலை அங்கே கூட்டம் பெருகுவதற்கும் இதுவே காரணம்.

மாலைத் தவறணை எத்தகைய இடம்? பனையோலை வேய்ந்த கொட்டில், மணல் பரந்த நிலம், அமர்வதற்குப் பனங்குற்றிகள், ஒரு பக்கத்திற் கள்ளு நிறைந்த பானைகள். அருகே சுட்ட கருவாடோ, அவித்த மரவள்ளிக் கிழங்கோ, கணவாய்க் கறியோ கிடைக்கும். காற்று எப்பக்கம் திரும்பியது, எந்தக் கரையில் மீன் பட்டது, யாருடைய வள்ளம் இன்னும் திரும்பவில்லை என்பன அங்கேதான் முதலிற் பேசப்பட்டன. மறுநாள் வேலிகட்டுக்கும் வீடு மேய்ச்சலுக்கும் ஆள் பேசியதும் அங்கேதான். செத்த வீட்டுச் செய்தி வந்தால், பாடை கட்டவும் பந்தல் போடவும் ஆட்கள் அங்கிருந்தே எழுந்து சென்றனர். கூத்து மரபுக்குப் பெயர்பெற்ற மெலிஞ்சிமுனை போன்ற கரையோர ஊர்களிற் கூத்துப் பழகும் காலத்தில், களரிக்குப் போகுமுன் பாட்டைச் சற்று எடுத்துப் பார்ப்போரும், அண்ணாவியாரின் கண்டிப்பைப் பற்றிக் குறைகூறுவோரும் அங்கு இருந்தனர். பத்திரிகை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றையோர் கேட்டு வாதிடுவதும் உண்டு. வாதம் கைகலப்பில் முடிந்த இரவுகளும் பல. பழைய வேலிச் சண்டைகள் இரண்டாம் பிளாவுக்குப் பின்னரே நினைவுக்கு வருவன!

இப்பிளாவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். பனங்குருத்தோலையை மடித்துத் தோணிபோற் கோலிக் கட்டிய குடிகலமே பிளா எனப்படுவது. தமிழகத்திற் பதநீர் குடிக்கும் பட்டையும் இவ்வினத்ததே. குடித்தபின் எறிந்துவிடலாம். ஓலை ஊரெங்கும் கிடைக்கையிற் கழுவி வைக்கவேண்டிய தேவையில்லை என்பது வெளிப்படையான விளக்கம். ஆயின் யாழ்ப்பாணச் சமூகத்தின் தீட்டு விதிகளோடு வைத்து நோக்குமிடத்து இவ்வெளிய கலத்தின் முக்கியத்துவம் வேறாகத் தோன்றும். சீவல் தொழிலாளர் சாதியமைப்பின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர்கள். அவர்கள் வீட்டு நீரை அருந்த மறுத்த உயர்சாதியினர், அவர்கள் கையால் இறக்கி வார்த்த கள்ளை மறுக்கவில்லை. எவர் வாயும் முன்பு படாத, இனிப் படவும் போகாத ஓலைக்கலம் இம்முரண்பாட்டை மறைத்து வைத்தது. செம்பும் குவளையும் இருந்திருப்பின் யாருக்கு எது என்ற வினா எழுந்திருக்கும். பிளா அவ்வினாவை எழவிடவில்லை. அதனைச் சமத்துவத்தின் சின்னமாகக் கொண்டாடுவது மிகைப்பாடாகும். சமத்துவம் இன்றியே ஒன்றாகக் குடிப்பதற்குச் சமூகம் கண்டுகொண்ட உபாயம் என்பதே பொருந்தும்.

கள்ளை இறக்கியவரின் நிலை நெடுங்காலமாகவே பிணைப்புண்ட நிலையாகும். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் நளவர், பள்ளர் ஆகியோரை அடிமைகள் வரிசையிலே குறிப்பிடுகின்றது. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டபோதும் நிலமும் மரமும் கைமாறவில்லை. பனை நிலவுடைமையாளரின் வளவில் நின்றது. இருபது மீற்றருக்கு மேல் உயர்ந்த அம்மரத்திற் தளநாரைக் காலிற் பூட்டி, பாளைக்கத்தியும் முட்டியும் இடையிற் தொங்க, நாள்தோறும் காலையும் மாலையும் ஏறியவருக்கு அதில் உரிமையில்லை. தவறி விழுந்தோருக்கு ஈடும் இல்லை. தவறணையின் கலகலப்பைப் பேசுவோர் இவ்வுயரத்தையும் உடன் பேசுதல் நேர்மையாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியிற் குடிவகை அரசிறையின் முக்கிய வாயிலாயிற்று. தவறணை உரிமை குத்தகைக்கு ஏலம் விடப்பட்டது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் பிரித்து, நாடெங்கும் கள்ளுத் தவறணைகளைப் பெருக்க வழிசெய்தது. அதனை எதிர்த்தெழுந்த மதுவிலக்கு இயக்கம் தென்னிலங்கையிற் தேசிய உணர்ச்சியின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் இவ்வெதிர்ப்புக்கு வேறு வேர்களும் இருந்தன. 1816 முதல் இங்கு பணியாற்றிய அமெரிக்க மிசனரிமார் மதுவிலக்கைப் போதித்தனர். அவர்களோடு ஏனைய யாவற்றிலும் மாறுபட்ட ஆறுமுக நாவலர் (1822–1879) இவ்விடயத்தில் மாறுபடவில்லை; அவருடைய நான்காம் பாலபாடத்திற் கள்ளுண்ணலைக் கண்டிக்கும் பாடம் உண்டு. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1927 நவம்பரிற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தபோது, தீண்டாமையோடு மதுவிலக்கும் மேடைகளிற் பேசப்பட்டது.

ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் முறை வந்தபின் யாழ்ப்பாணத்திற் தவறணைகள் பல மூடப்பட்டன. அவ்வாக்கெடுப்புகளை முன்னின்று நடத்தியோர் பெரும்பாலும் கற்றோரும் நிலமுடையோருமாவர். குடியினாற் சிதைந்த குடும்பங்களைக் கண்டு மனம் வருந்தியவர்கள் அவர்களுள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. மாலைக் கூலி முழுவதும் பிளாவிற் கரைந்த வீடுகளில் அடுப்பெரியாத இரவுகளைப் பெண்களே அறிவர். எனினும் மரத்தை நம்பி வாழ்ந்தவருக்கு மாற்றுத் தொழில் யாது என்ற வினாவுக்கு அம்மேடைகளில் உருப்படியான விடை கிடைக்கவில்லை. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்யலாமே என்றனர். காய்ச்சுவதற்கு நெடுநேரம் எரியும் விறகு வேண்டும். காடில்லாத தீவுகளில் விறகு எளிதிற் கிடைப்பதன்று. அடுப்பின் முன் அமரும் உழைப்பும் அவ்வீட்டுப் பெண்களின் தலையிலேயே விழும்.

தவறணை மூடப்பட்டதாற் கள்ளு ஒழியவில்லை. யாழ்ப்பாணத்தில் நடைமுறைக்கு வந்த மரவரி முறையின்படி, மரத்துக்கு வரி செலுத்தி அனுமதி பெற்றவர் தாம் இறக்கிய கள்ளைத் தாமே விற்கலாம். விற்பனை ஏலக்காரனின் தவறணையை விட்டுச் சீவல் தொழிலாளியின் வளவுக்குள் வந்தது. கள்ளுக்கொட்டில் என்பது அவர் குடிசையின் ஓரத்தாழ்வாரமே. இம்மாற்றத்தை எதிர்பார்த்து எவரும் சட்டம் செய்யவில்லை. ஆயினும் அதன் விளைவு ஆராயத்தக்கது. கோயிலுக்குள் நுழைய முடியாதவர், கமக்காரர் வீட்டின் திண்ணையில் ஏற முடியாதவர், இப்போது தம் படலையைத் திறந்து அதே கமக்காரரை உள்ளே வரவிட்டார். வந்தவர் அவர் முற்றத்து மணலில் அமர்ந்தார். அவர் வார்க்கும்வரை காத்திருந்தார். கையிற் காசில்லாதபோது கடனும் கேட்டார். விடிந்தபின் ஒழுங்கையிற் சந்திக்கும்போது தோளிற் கிடந்த சால்வையை எடுத்து ஒதுங்க வேண்டியவர் கொட்டிற்காரரே. இரவில் ஒரு விதி, பகலில் ஒரு விதி. என்.கே.ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ சிறுகதையில், வந்தவர்களை வீட்டுக்குள் அழைக்க மனமின்றி வெளியே நிலவிலிருந்து பேசலாம் எனக் கூட்டிச் செல்லும் பெரியவரைக் காண்கிறோம். கொட்டிலுக்கு வந்த பெரியவர்களோ அத்தயக்கம் சிறிதுமின்றி உள்ளே நுழைந்தவர்கள்!

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் போத்தலிலும் தனிப் பாத்திரத்திலுமே தேநீர் வழங்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் 1968இல் மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்தன, உயிர்களும் பலியாயின. கள்ளுக்கொட்டிலுக்கு அத்தகைய பிரவேசப் போராட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அங்கே நுழைய வேண்டியவர் மேற்சாதியினர். அவரை எவரும் தடுக்கவில்லை. தேநீர்க் குவளை போராட்டப் பொருளாயிற்று, பிளா ஆகவில்லை. ஒன்றாகக் குடிக்கும் வழக்கம் மட்டும் சாதியை அசைத்துவிடாது என்பதற்குத் தீவகத்தின் இரவுகள் நீண்ட சான்றாக உள்ளன.

1970களின் முற்பகுதியில் மரவரி முறை நீக்கப்பட்டுச் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளைப் பொறுப்பேற்றன. தொழிலாளி தம் கள்ளைச் சங்கத்துக்கு அளந்து கொடுத்துக் கொடுப்பனவு பெற்றார். சேமிப்பும் சேமநலனும் என்ற சொற்கள் முதன்முறையாக அவர் வாழ்விற் புகுந்தன. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. தவறணை மீண்டும் ஊர்ப் பொதுவிடமாயிற்று. இம்முறை அதன் கணக்குப் புத்தகம் மரமேறுவோரின் சங்கத்திடம் இருந்தது. நெடுங்காலம் பிறர் ஏலம் எடுத்த உரிமை இது என்பதை எண்ணும்போது, பேசப்படாது போன பெரிய மாற்றங்களுள் இதனையும் சேர்க்கலாம்.

அடுத்து வந்த போர் இரவுகளையே பறித்தது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டபின் கடற்பயணமே அச்சத்துக்குரியதாயிற்று. 1990 ஆகத்தில் இராணுவம் தீவுகளுட் புகுந்ததைத் தொடர்ந்து வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதி மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். எஞ்சியோருக்கு ஊரடங்கு. பொழுது சாயுமுன் வீடு திரும்பவேண்டிய ஊரில் மாலைத் தவறணைக்கு இடமேது? பனைகளும் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. பாளை சீவிய கைகள் பல வன்னிக்கும் கொழும்புக்கும் கடல்கடந்தும் சென்றன.

2009இற் போர் முடிந்தபின் தீவகத்திற் தவறணைகள் மீளத் தொடங்கின. குடிப்போருள் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் ஊரவரும் இப்போது உளர். அவர்களுட் சிலர் பிளா கேட்கின்றனர். பல இடங்களிற் கிடைப்பது பிளாஸ்ரிக் குவளை. குருத்தோலை வெட்டிப் பிளாக் கோலுவதற்கு ஆளில்லை. மரமேறும் தொழிலாளரின் பிள்ளைகள் படித்து வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். தந்தையர் அதையே விரும்பினர். பதப்படுத்திப் போத்தலில் அடைத்த கள்ளு கடல் கடந்து செல்கின்றது. அதைக் குடிப்பவர் அதை இறக்கியவரின் முற்றத்தில் அமரவேண்டியதில்லை.